ஒரு சொல்லுக்கு இருபத்தொன்பது நாள்

2025 ஜூலை 3ஆம் திகதி, வியாழக்கிழமை, முற்பகல் பத்து மணி இருபது நிமிடம். வெயில் கடுமை. மழை பெய்து நாற்பது நாளுக்கு மேல் ஆகியிருந்தது. காற்று மட்டும் ஓயாமல் அடித்து, புத்தளம் பஸ் நிலையத்துப் புழுதியை எல்லாம் முகத்தில் கொண்டுவந்து போட்டது. நான் பைலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கடைக்கு மேலே போகும் இருபத்தொரு படிகளை ஏறி, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் அறைக்குள் போனேன். என் தங்கையின் மகள் பின்னால் வந்தாள். நான் படியில் தவறிவிடுவேன் என்று அவளுக்குப் பயம். பைலில் இருந்து ஒரு கடதாசி காற்றில் போய்விடும் என்று எனக்குப் பயம்.

மொழிபெயர்ப்பாளர் உடப்புப் பக்கத்து மனிதர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர்.

"வாங்க ஐயா, இருங்க. இவங்க யாரு?"

"இது என்ட மருமகள். தங்கச்சிட மகள்" என்றேன். "இவ இல்லாட்டி எனக்கு ஒரு பயணமும் இல்ல."

"மாமாக்குத் துணை இல்ல ஐயா, மாமாட பைலுக்குத்தான் துணை" என்றாள் அவள். "விழுந்தா முதல்ல பைலத் தூக்கச் சொல்லியிருக்காரு."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு கிராம சேவகர் உறுதிப்படுத்தித் தந்த கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அந்தக் கடிதம் நானே தமிழில் எழுதி, நானே தட்டச்சுச் செய்வித்தது. என் மருமகள் முப்பது நாள் சுற்றுலா விசாவில் வந்து எங்கள் வீட்டில் தங்குவார், அவருடைய சாப்பாடு, இருப்பிடம், திரும்பிப் போவது எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு என்று அதில் எழுதியிருந்தது.

அந்த மருமகள் வேறு. அவள் சிரியாவைச் சேர்ந்தவள். என் மகன் கட்டாரில் வேலை செய்கிறான். அங்கே ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வேலை செய்த அவளை மூன்று வருடத்துக்கு முன் நிக்காஹ் செய்துகொண்டான். மற்ற நாட்டுக்காரர் பலரைப் போல இணையத்தில் ஐந்து நிமிடத்தில் விசா எடுக்க அவளுடைய கடவுச்சீட்டில் முடியாது. இங்கே இருக்கிற ஒருவர் பொறுப்பு நின்று, நேரில் போய் மனுக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் இந்த அலைச்சல்.

தங்கையின் மகளைத்தான் என் மகனுக்கு என்று பதினைந்து வருடமாகப் பேசி வைத்திருந்தோம் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். மகன் கட்டாரிலிருந்து போன் எடுத்துத் தன் முடிவைச் சொன்ன அன்று அந்தப் பேச்சு முடிந்தது. என் தங்கை நுரைச்சோலையிலிருந்து ஏழு மாதம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அவளுடைய மகள் வந்தாள். அவளுக்கு இப்போது கலியாணமாகி ஒரு பிள்ளை இருக்கிறது. மாப்பிள்ளை வெங்காயம் பயிரிடுகிறார். குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீடு. என் மனைவிக்குக் காலையும் மாலையும் ஊசி போடுவது அவள்தான்.

மனைவிக்கு இருபத்திரண்டு வருடமாகச் சீனி வருத்தம். வலது கண் போன வருடமே போய்விட்டது. இடது கண்ணுக்குக் கொழும்பில் இரண்டு தடவை லேசர் பிடித்தார்கள். மே மாதம் காட்டப் போனபோது டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "இதுவும் நிக்காது. மாசக் கணக்கா கிழமைக் கணக்கா எண்டு என்னால சொல்ல ஏலா" என்றார். நான் அதை மனைவியிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது முந்தல் தாண்டியதும் அவளே சொன்னாள்.

"டொக்டர் என்ன சொன்னாரு எண்டு கேக்க மாட்டன். அந்தப் புள்ளைட முகத்த ஒரு தடவ பார்த்துட்டன் எண்டாச் சரி. அவவ எப்பிடியாவது கூப்பிட்டுத் தாங்க."

"நீதான் போன்ல கிழமைக்கு மூணு தரம் பார்க்கிறியே."

"அது பார்க்கிறதா? முத்திரையில ராணியப் பார்த்த மாதிரி."

போனில் அவர்கள் பேசியது ஒரே ஒரு சொல். அகல்தி. சாப்பிட்டாயா என்று அர்த்தமாம். மகன் சொல்லிக் கொடுத்தது. இவள் அகல்தி என்பாள், அவள் ஓம் என்று தலையாட்டிவிட்டு இவளிடம் அகல்தி என்பாள். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. குர்ஆனை மனப்பாடமாக ஓதுகிற என் மனைவிக்கு அரபியில் தண்ணீர் கேட்கத் தெரியாது. அதனால் அந்தப் பெண் ஏதாவது ஒரு சூறாவை ஓதுவாள், இவள் கூடவே ஓதுவாள். அப்படி இரண்டு நாட்டுக்கு நடுவில் பத்து நிமிடம் போகும்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. மாமியார் மருமகளின் முகத்தை முதல் தடவை நேரில் பார்க்கும்போது அவளுடைய கையில் ஏதாவது வைக்க வேண்டும். பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும், அதற்கு முன் கொடுக்கக் கூடாது. நாற்பத்தேழு வருடத்துக்கு முன் என் உம்மா என் மனைவியின் முகம் பார்த்து ஒரு தங்கப் பவுண் காசு கொடுத்தார். எவ்வளவோ முடை வந்தும் அதை நாங்கள் அடகு வைக்கவில்லை. அது அலுமாரியில், ஒரு பழைய வாஸ்லின் டப்பாவில் காத்திருந்தது.

மொழிபெயர்ப்பு ஜூலை 7ஆம் திகதி திங்கட்கிழமை கையில் கிடைத்தது. அன்று பின்னேரம் சிவப்புப் பேனையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பத்தொரு வருடம் உப்பளத்தில் நிறுவைக் கணக்கு எழுதியவன் நான். ஒரு மூடை கூடிக் குறைந்ததாக என் கொப்பியில் ஒருநாளும் வந்ததில்லை. அந்த ஆங்கிலக் கடிதத்தில் பதினான்கு எண்கள் இருந்தன. கடவுச்சீட்டு இலக்கம், என் அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதிகள், வீட்டு இலக்கம், போன் இலக்கம். ஒவ்வொன்றையும் மூன்று தடவை ஒப்பிட்டு, மேலே சிறிய புள்ளி வைத்தேன். பதினான்கும் சரி. எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். ஆனால் சொற்களை நான் வாசிக்கவில்லை. சொற்களில் என்ன பிழை வரப்போகிறது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ஐந்து ஐம்பதுக்கு பஸ் ஏறி, கொழும்பில் குடிவரவுக் கந்தோரில் மனுவைக் கொடுத்தேன். மூன்று கிழமையில் பதில் வரும் என்றார்கள்.

அன்றிரவு வீட்டுக்கு வந்தபோது மனைவி ஒரு வெள்ளைத் துணியை மடித்து, இடது கண்ணை மூடிக் கட்டியிருந்தாள்.

"என்னா இது? நோகுதா?"

"இல்ல. மூடி வச்சிருக்கன். இருக்கிற வெளிச்சத்த மரக்கறி வெட்டியும் டீவி பார்த்தும் முடிச்சிட்டா, அவ வாற நேரம் எதால பார்க்கிறது?"

"அப்பிடிச் சேமிக்க இது என்ன தண்ணித் தாங்கியா?"

"உங்களுக்கு எல்லாத்தையும் எண்ணத்தான் தெரியும். மிச்சம் பிடிக்க எனக்குத்தான் தெரியும்."

தங்கையின் மகள் தன் போனில் ஒரு டொக்டரைக் கேட்டுப் பார்த்தாள். கட்டினாலும் கட்டாவிட்டாலும் ஒன்றுதான் என்று பதில் வந்தது. அதையும் சொன்னோம். மனைவி கேட்கவில்லை. விடிந்ததும் ஒரு தடவை துணியை அவிழ்த்து, சுவரில் இருக்கும் கலண்டரைப் பார்ப்பாள். எத்தனையாம் திகதி என்று தானே வாசித்துச் சொல்வாள். பிறகு கட்டிக்கொள்வாள். கடதாசியும் பேனையுமாக அலைந்த என் முகத்தை அந்த நாட்களில் அவள் பார்த்தாளா என்பது எனக்கு ஞாபகமில்லை. நானும் அவள் முன்னால் போய் நிற்கவில்லை.

ஜூலை 29ஆம் திகதி, சரியாக இருபத்தோராவது நாள், போன் வந்தது. விசா வரவில்லை. நேரில் வரச் சொன்னார்கள். அடுத்த நாள் போனேன்.

கவுண்டரில் இருந்தது ஒரு சிங்களப் பிள்ளை, என் மகனின் வயதிருக்கும். மரியாதையாகப் பேசினாள். நாங்கள் சிங்களத்தில்தான் கதைத்தோம்.

"அங்கிள், உங்கட சகோதரமா சிரியாவில இருக்கிறது?"

"இல்ல மிஸ். எனக்கு ஒரே ஒரு தங்கச்சி. நுரைச்சோலையில இருக்கிறா."

"நுரைச்சோலையிலயா? அப்ப அவவோட மகள் எப்பிடி சிரியன்?"

"அவட மகள் சிரியன் இல்லையே. அவ எங்கட ஊர்தான். நாலாவது வீடு."

அந்தப் பிள்ளை பேனையைக் கீழே வைத்தாள். இந்த மனிதருக்கு மூளை சரியில்லையோ என்று ஒரு நிமிடம் நினைத்திருப்பாள். பிறகு என் ஆங்கிலக் கடிதத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளி, ஒரு சொல்லின் கீழ் விரலை வைத்தாள். நீஸ். என்னுடைய நீஸ் வருகிறார், என்னுடைய நீஸுக்கு நான் பொறுப்பு. ஒரு பக்கத்தில் நான்கு தடவை இருந்தது. கலியாணப் பதிவுச் சான்றிதழில் அவள் என் மகனின் மனைவி. கடிதத்தில் அவள் என் சகோதரத்தின் மகள். இரண்டில் ஒன்று பொய் என்று பார்க்கிற எவருக்கும் தோன்றும்.

மொழிபெயர்ப்பாளரின் அறையில் நான் சொன்னது அப்போதுதான் காதில் கேட்டது. இது என்ட மருமகள், தங்கச்சிட மகள். அதைச் சொன்ன வாய் மூடுவதற்குள், மருமகள் என்று எழுதிய கடிதத்தை அவர் கையில் கொடுத்தவனும் நான்தான்.

"மிஸ், எங்கட பாசையில மகன்ட பெண்சாதியும் மருமகள்தான், தங்கச்சிட மகளும் மருமகள்தான்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எங்களுக்கும் அப்பிடித்தானே. லேலி எண்டா ரெண்டும்தான்." பக்கத்து மேசைப் பெண்ணைக் கூப்பிட்டு இதைச் சொன்னாள். அவளும் "அனே, ஓம்" என்றாள். எங்கள் மூன்று பேருக்கும் விளங்கிவிட்டது. ஆனால் பைலில் இருந்தது ஆங்கிலம்.

"நான் நம்புறன் அங்கிள். ஆனா கடிதத்த மாத்தித்தான் திரும்ப எடுக்கலாம். தமிழ்க் கடிதத்திலயும் மகனோட மனைவி எண்டு நேரா எழுதிக் கொண்டு வாங்க."

"திரும்ப எத்தன நாள்?"

"அதே மூணு கிழமதான்."

கிராம சேவகரைக் கந்தோரில் பிடிக்க ஆகஸ்ட் 5ஆம் திகதி ஆகிவிட்டது. மொழிபெயர்ப்பாளர் அன்றே திருத்திக் கொடுத்தார். நீஸ் போய் டோட்டர் இன் லோ வந்தது. 6ஆம் திகதி புதன்கிழமை திரும்பவும் மனுவைக் கொடுத்தேன்.

வீட்டில் மனைவியிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஒரு எண் பிழைச்சுப் போச்சு" என்றேன்.

அவள் துணி கட்டிய முகத்தை என் பக்கம் திருப்பினாள். "உங்களுக்கா? எண்ணா?" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. நான் பொய் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் அது தெரிந்தது.

தங்கையின் மகளிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்ப மாமா, எனக்குத்தான் விசா கேட்டிருக்கிறீங்க. நாலாவது வீட்டிலயிருந்து உங்கட வீட்டுக்கு வர முப்பது நாள் விசா." சிரித்துக்கொண்டே போனவள் குசினி வாசலில் நின்று, "நான் அண்டைக்கு உங்களோட வராம இருந்திருக்கணும்" என்றாள். அப்போது அவள் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை, காலை ஏழு மணி ஐந்து நிமிடம். நான் தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்தேன். மனைவி கட்டிலில் உட்கார்ந்து, வழக்கம்போல் துணியை அவிழ்த்தாள்.

"இன்னும் விடியலியா?" என்றாள்.

ஜன்னல் திறந்திருந்தது. வெயில் அவள் மடியில் விழுந்து கிடந்தது.

நான் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். "விடிஞ்சிட்டா?" என்று இரண்டாவது தடவை கேட்டாள். நான் "ஓம்" என்றேன். அவள் கையிலிருந்த துணியை நாலாக மடித்து, தலையணைக்குக் கீழே வைத்தாள். பிறகு "இனி இது தேவைப்படாது" என்றாள். கண் ஆஸ்பத்திரிக்கும் போனோம். டொக்டர் ஏற்கெனவே சொன்னதைத்தான் சொன்னார். முப்பத்தேழு நாள் அவள் கண்ணைக் கட்டி வைத்திருந்தாள். அத்தனை நாளும் அந்தக் கண்ணில் வெளிச்சம் இருந்தது.

விசா ஆகஸ்ட் 27ஆம் திகதி புதன்கிழமை கிடைத்தது. மகனும் அவளும் நான்காம் நாள், 31ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். முதல் கடிதம் சரியாக இருந்திருந்தால் ஜூலை 29இல் விசா, ஆகஸ்ட் 2ஆம் திகதி வீட்டு வாசல். அன்றிலிருந்து கண் போன நாள் வரைக்கும் பன்னிரண்டு நாள் இருந்தது. கண் போனதிலிருந்து அவர்கள் வந்த நாள் வரைக்கும் பதினேழு. பன்னிரண்டும் பதினேழும் இருபத்தொன்பது. அந்தச் சொல் எடுத்துக்கொண்டது அவ்வளவு. இந்தக் கூட்டலை நான் எத்தனை தடவை செய்தேன் என்பதை மட்டும் எண்ணவில்லை.

வேன் வந்து நின்றபோது முற்பகல் பதினொன்றரை. மனைவி புதுச் சேலை உடுத்து, முன் அறையில் கதிரையில் இருந்தாள். கையில் வாஸ்லின் டப்பா. அக்கம்பக்கத்துப் பெண்கள் அரபிப் பெண்ணைப் பார்க்க வந்து வேலியோரம் நின்றார்கள். "இவ்வளவு மெலிவா? அரபி எண்டாப் பெருசா இருப்பாங்க எண்டு நினச்சன்" என்று ஒருத்தி சொன்னது எனக்குக் கேட்டது.

அந்தப் பெண் சலாம் சொல்லிக்கொண்டு உள்ளே வந்து, மனைவியின் முன்னால் தரையில் மண்டியிட்டாள். மனைவியின் முகம் கொஞ்சம் தள்ளி, கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"அகல்தி?" என்றாள் மனைவி.

அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். மகன் சுவரில் சாய்ந்து, முகத்தை மறைத்துக்கொண்டான்.

மனைவி டப்பாவைத் திறக்கவில்லை. "பார்க்காம எப்பிடிக் குடுக்கிறது?" என்றாள். பிறகு அவள் தங்கையின் மகளைக் கூப்பிட்டாள்.

"புள்ள, இங்க வா. நீ பார்த்துச் சொல்லு."

"நானா மாமி?"

"நீதான். இந்த ரெண்டு ஆம்பிளைக்கும் முகம் பார்க்கத் தெரியாது."

தங்கையின் மகள் வந்து, அந்தப் பெண்ணுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்திருக்க வேண்டியவள், வந்தவளின் முகத்தைப் பார்த்தாள். அவசரப்படவில்லை.

"நெத்தி அகலம் மாமி. புருவம் நல்ல அடர்த்தி. நடுவில சேரப் பார்க்குது, சேரல்ல."

"மூக்கு?"

"நீளம். நம்மட ஆக்கள மாதிரி இல்ல. நுனியில கொஞ்சம் வளைவு."

"நிறம்?"

"ஆப்பத்துட நடுப் பக்கம் மாதிரி. அழுது மூக்கு மட்டும் சிவந்து போச்சு. இடது கன்னத்தில ஒரு மச்சம் இருக்கு, போன்ல தெரியல்ல. கண் பழுப்பு. இப்ப என்னத்தான் பார்க்கிறா, நான் என்ன சொல்றன் எண்டு விளங்காம."

"அழகா?"

"ஓம் மாமி."

"உன்ன விடவா?"

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"ஓம் மாமி" என்றாள் அவள். "கொஞ்சம் கூடத்தான். நிறைய இல்ல."

மனைவி சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு நான் கேட்ட சிரிப்பு. டப்பாவைத் திறந்து, பவுண் காசை விரல்களால் தடவிப் பார்த்துவிட்டு, தங்கையின் மகளின் பக்கம் நீட்டினாள்.

"பார்த்தது நீதானே. நீயே குடு."

அவள் அதை வாங்கி, அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். பிறகு எழுந்து நேரே குசினிக்குப் போனாள். சோற்றுப் பானையின் மூடி கையிலிருந்து விழுந்த சத்தம் கேட்டது. சாப்பாடு வைக்கும் வரைக்கும் அவள் வெளியே வரவில்லை.

அவர்கள் இருபத்துநான்கு நாள் நின்றார்கள். அந்தப் பெண் பிட்டு அவிக்கப் பழகினாள், சாப்பிட்டீங்களா என்று சொல்லப் பழகினாள். என்னை வாப்பா என்றாள். போகிற அன்று வேனில் ஏறுவதற்கு முன் மனைவி தங்கையின் மகளிடம், "போற முகத்தையும் பார்த்துச் சொல்லு" என்றாள். அவள் சொன்னாள்.

நடந்த பிழையை அன்றிரவுதான் மனைவியிடம் சொன்னேன். எண் இல்லை, சொல் என்று. அவள் "மருமகள் எண்டுதானே எழுதினீங்க? அதில என்ன பிழை" என்றாள்.

கொப்பியில் கணக்கை முடித்துவிட்டேன். மகன் கட்டிய விசாக் கட்டணமும் விமானச் சீட்டும் இதில் இல்லை. கொழும்புக்கும் புத்தளத்துக்கும் போய் வந்த பஸ் காசு, ஓட்டோ, போட்டோப் பிரதி, முதல் மொழிபெயர்ப்பு, வழியில் குடித்த பதினேழு பிளேன்டீ எல்லாம் இருக்கின்றன. அந்த ஒரு சொல்லைத் திருத்தியதற்கு மொழிபெயர்ப்பாளர் காசு வாங்க மறுத்துவிட்டார். அதனால் அந்த வரிக்கு நேரே பூச்சியம் போட்டிருக்கிறேன். மொத்தம் இருபத்தோராயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.